சிவலோக பதவி

எங்கள் ஊரில் எல்லாரும் சாவதில்லை. பெரிய வீதிக்காரர்கள் சிவலோக பதவி அடைவார்கள். அதற்கடுத்த தெருக்களில் இருப்பவர்கள் இறைவனடி சேர்வார்கள். கடை வைத்திருப்பவர்கள் காலமாவார்கள். பள்ளிவாசல் தெருவில் வஃபாத்தாவார்கள், மாதா கோயில் பக்கம் கர்த்தருக்குள் நித்திரை அடைவார்கள், கட்சிக்காரர்கள் இயற்கை எய்துவார்கள். எங்கள் தெருவில் மட்டும்தான் செத்துப்போவார்கள். மைக்கில் அதை அப்படியே சொன்னால் நன்றாக இருக்காது என்று 'இறந்துவிட்டார்' என்போம். எங்களுக்கு ஒதுக்கிய மரியாதை அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சொல்வதே நான்தான். காரைக்குடியில் ஒரு மைக்செட் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணத்துக்கு சீரியல் விளக்கு, சாவு விழுந்த கேத வீட்டுக்கு ஐஸ் பெட்டி, இரண்டுக்கும் சாமியானாவும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிற கடை. உள்ளே ஒரு சின்ன அறையில், சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டி, ஒரு மைக்கும் கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறோம். யாராவது தவறிவிட்டால் வீட்டார் போனில் விவரம் சொல்வார்கள். நான் அதை வாசித்துப் பதிந்து பெண்டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன். குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ அதைச் சொல்லிக்கொண்டே தெருத்தெருவாகப் போகும். கோவிலூர், கண்டரமாணிக்கம் என்று வெளியூர்க் கேதத்துக்கும் என் குரல் போய் வந்திருக்கிறது. நான் போனதில்லை.

பில் போடத்தான் சேர்ந்தேன். முன்பு வாசித்துக்கொண்டிருந்தவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டது. வாசலில் ஆட்டோ நிற்கிறது, பெரிய வீதியிலிருந்து போன் மேல் போன் வருகிறது. கடை முதலாளி, குவைத்தில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்து கடை போட்டவர், "தங்கச்சி, நீதான் கொஞ்சம் வாசிச்சு விடேன்" என்றார். வாசித்தேன். அன்றைக்குச் சாயங்காலமே நாலு பேர் போன் செய்து யார் அந்தப் பெண் என்று விசாரித்தார்களாம். "பொம்பளக் குரல்ல சொன்னாத்தான் துக்கம் உள்ள எறங்குது" என்று முதலாளி அண்ணன் முடிவுக்கு வந்துவிட்டார். பழைய ஆளின் தொண்டை அந்த வாரமே சரியாகிவிட்டது. வேலைதான் திரும்பக் கிடைக்கவில்லை. அதற்காக நான் வருத்தப்பட்டதாகப் பொய் சொல்ல மாட்டேன்.

சேர்ந்த புதிதில் அண்ணன் எனக்கு வழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார். எந்தத் தெருவுக்கு எந்த வார்த்தை, யார் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' வரும், யாருக்கு வராது. அதோடு வண்டி போகிற பாதையும் உண்டு. பெரிய வீதியில் கேதம் என்றால் வண்டி ஊர் முழுக்கப் போகும். முதலில் எங்கள் தெருவுக்குத்தான் வரும். விறகு பிளக்க, சாமியானா கட்ட, பாத்திரம் தேய்க்க ஆள் வேண்டாமா? சிவலோக பதவி என்ற சத்தம் கேட்டதும் எங்கள் தெரு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிடும். எங்கள் தெருவில் கேதம் என்றால் வண்டி எங்கள் தெருவுக்குள்ளேயே நின்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பிவிடும். "அங்குட்டுப் போயிச் சொன்னா யாருக்கும்மா தெரியப்போகுது?" என்பார் அண்ணன். கெட்ட மனுஷன் இல்லை. கெட்ட மனுஷன் யாருமே தேவைப்படாமல் நடக்கிற காரியம் இது.

பெரிய வீதிக் கேதங்களுக்கு வாசகம் எழுதித் தருகிறவர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஊரில் எந்தத் தமிழ் விழா என்றாலும் மேடையில் முதல் நாற்காலி அவருக்குத்தான். 'தமிழுக்கு உயர்வு தாழ்வு தெரியாது' என்று அவர் பேசிய கூட்டத்துக்கு எங்கள் கடைதான் மைக் கட்டியது. நான் பதிந்ததைக் கேட்டுவிட்டு அவரே கடைக்குப் போன் செய்தார்.

"யாரும்மா வாசிக்கிறது? நீங்களா? என்னமா வாசிக்கிறீக! ஒரு பிசிறு இல்லையே. அன்னாரின்னு சொல்லி ஒரு நொடி நிறுத்துறீக பாருங்க, அங்கதான் தமிழ் நிக்குது. உங்க வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்."

எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இல்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சாவுக்கும் அவர் போன் செய்து வாசகத்தைச் சொல்வார். "எழுதிக்கிட்டீகளா? ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க பாப்போம்" என்பார். சொல்வேன். "பேஷ்" என்பார். யாரோ ஒருவர் செத்துக் கிடக்கிற காலையில் இரண்டு பேர் இப்படி மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டிருப்போம்.

ஒருநாள் அவரே நேரில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு.

"இங்க வாசிக்கிற பொண்ணு எங்க?"

"நாந்தாங்கய்யா."

"அடடே! உக்காருங்க, உக்காருங்க. எனக்காக எந்திரிக்காதீக. எந்தப் பக்கம் வீடு?"

"ஊருணித் தென்கரைங்கய்யா."

"தென்கரையா? புது பிளாட்டு போட்டிருக்காகளே, அங்கனயா?"

"அதுக்கும் அங்குட்டு."

அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேலே மின்விசிறியைப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

"ஓ. சரி, சரி" என்றார். "அந்தத் தாளை இங்குட்டு எடு."

எடுத்துக் கொடுத்தேன். திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை, அவர் பாட்டுக்குப் படித்துவிட்டு ஒரு இடத்தில் திருத்தம் போட்டுத் தந்தார். அன்றிலிருந்து போனிலும் "எழுதிக்கிட்டியா" என்றுதான் வந்தது. என் குரல் மாறவில்லை, நிறுத்தும் இடம் மாறவில்லை, பிசிறு ஒன்றும் புதிதாக முளைக்கவில்லை. சர்க்கரைப் பேச்சு மட்டும் நின்றுபோயிற்று. அந்த ஆத்திரத்தோடு அடுத்த சிவலோக பதவியை முன்பைவிட நன்றாக வாசித்தேன்.

என் அப்பாவுக்குப் பெரிய வீதியில்தான் வேலை. அங்கே பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். கல்யாணத்துக்கோ, முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கோ வந்தால் உண்டு. அந்த வீடுகளின் சாவிகளை அப்பா இடுப்பில் கட்டியிருப்பார். முறை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்து முற்றத்தைக் கூட்டி, ஓடு மாற்றி, குழாயைத் திறந்துவிட்டுப் பார்த்து, மச்சுக்கு ஏறி வவ்வால் விரட்டுவார். கடைசி வேலைதான் பெரிய வேலை. அதனால் பெரிய வீதியில் அவருக்குப் பெயரே வவ்வால்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்தது. நல்ல பெயர். ஆதார் அட்டையில் அது இருந்தது, வாக்காளர் பட்டியலில் இருந்தது. பெரிய வீதியில் ஒருவருக்கும் அது தெரியாது. "வவ்வாலு வந்துச்சா?" "வவ்வாலு சாவியக் குடுத்துச்சா?" "அந்த வவ்வால மேல ஏறிப் பாக்கச் சொல்லு." விடுமுறைக்கு வருகிற சின்னப் பிள்ளைகள்கூட, "வவ்வாலு, பந்து ஓட்டுல விழுந்துருச்சு, எடுத்துப் போடு" என்பார்கள். அப்பா எடுத்துப் போடுவார்.

அப்பாவை அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம். அவருக்கு நாக்கில் விஷம் இருந்தது, அதை வெளியே காட்டாத சாமர்த்தியமும் இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் போனதும் அவர் வவ்வால்களுக்குத்தான் மரியாதை கொடுப்பார். ஒருமுறை சாப்பாடு கொண்டுபோனபோது என் காதால் கேட்டேன். மச்சில் நின்றுகொண்டு, கையில் நீளக் கம்பை வைத்துக்கொண்டு, "கெளம்புறீகளா? பிள்ளைகுட்டியெல்லாம் கூட்டிக்கிட்டீகளா? இங்குட்டு வாங்க, சன்னல் இந்தப் பக்கம் இருக்கு" என்று பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். "வருசம் பூரா குடியிருக்கது இவுகதான? அப்ப வீட்டுக்காரவுக இவுகதான?" நானும் சிரித்தேன். அவர் கீழே இறங்கி வந்து, வாசலில் யாரோ "ஏய் வவ்வாலு" என்றதும் "இந்தா வந்துட்டேன்யா" என்று ஓடினார்.

சில நாள் காலையில் அவர் எங்கள் கடைக்குப் பக்கத்து டீக்கடைக்கு வருவார். நானும் அவரும் வடை தின்போம். அப்படி ஒருநாள் நிற்கும்போது எங்கள் ஆட்டோ என் குரலோடு கடந்துபோனது. யாரோ ஒரு பெரிய வீதிக்காரர். 'சிவலோக பதவி அடைந்தார்கள்' என்பது தெருமுனை தாண்டியும் கேட்டது. அப்பா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

"ஏத்தா, எனக்கு எந்த வார்த்த போடுவ?"

"காலங்காத்தால பேசுற பேச்சாப்பா இது?"

"சும்மா சொல்லு. செத்துப்போனான்னா?"

"இறந்துவிட்டார்னு சொல்லுவேன்."

"அது நம்ம தெருவுல சொல்றது. நம்ம தெருவுல நீ சொல்லணுமாக்கும், அழுகைச் சத்தத்துலயே தெரிஞ்சுபோகும்." டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "பெரிய வீதியில சொல்லணும்த்தா. என் பேரைச் சொல்லி. அம்புட்டு வீட்டுச் சாவியும் என் இடுப்புல தொங்குது, ஒருத்தனுக்கும் என் பேரு தெரியாது. ஒரு தடவ அந்தத் தெருவுல நின்னு சொல்லட்டும். யாரு யாருன்னு நாலு பேரு வெளிய வந்து கேக்கட்டும். பெறகு எரிச்சா என்ன, பொதைச்சா என்ன?"

"சரிப்பா" என்றேன். அவர் என் வடையிலும் பாதியைப் பிய்த்துக்கொண்டார்.

அப்பா போனது ஒரு கார்த்திகை மாதக் காலையில். முந்தின நாள் மச்சில் ஏறும்போதே நெஞ்சைப் பிடித்ததாம், விடிகாலையில் வலி தாங்காமல்தான் சொன்னார். சிவகங்கை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பெண் ஒருத்தி வெளியே வந்து, "எக்ஸ்பயர் ஆயிட்டாரு" என்றாள். அம்மாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மாத்திரைக்கும் மனுஷனுக்கும் ஒரே வார்த்தை. அந்த ஆஸ்பத்திரியில் பெரிய வீதிக்காரர் செத்தாலும் அதே வார்த்தைதான் என்று தோன்றியது. ஆனால் பெரிய வீதிக்காரர் யாரும் அங்கே வந்து சாவதில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். எங்கள் கடைப் பெட்டிதான். அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்ததும் நான் எழுந்து கடைக்கு நடந்தேன். செத்த வீட்டிலிருந்து மகள் எழுந்து வேலைக்குப் போகிறாள் என்று பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று போனேன்.

அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். நான் நேரே உள்ளே போய்ப் பதிந்தேன். ஒரே தடவையில் வந்துவிட்டது. "பெரிய வீதியில் அனைவரும் அறிந்தவரும், ஊருணித் தென்கரையில் வசித்தவருமாகிய" என்று தொடங்கி, அப்பாவின் பெயரை முழுசாகச் சொல்லி, "அவர்கள் இன்று காலை சிவலோக பதவி அடைந்தார்கள். அன்னாரின்" என்று ஒரு நொடி நிறுத்தி, "இறுதி ஊர்வலம் இன்று மாலை அன்னாரது இல்லத்திலிருந்து புறப்படும்" என்று முடித்தேன். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. குரல் நடுங்கவும் இல்லை. எத்தனை பேருடைய அப்பாக்களுக்கு வாசித்துப் பழகிய குரல் அது.

கேட்டுவிட்டு அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"தங்கச்சி, நீ துக்கத்துல இருக்க. நான் சொல்றது தப்பா எடுத்துக்காத. வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல? நான் உண்டாக்குன வழக்கமா அது?"

"அண்ணே, குவைத்துல உங்க மொதலாளி உங்களை என்னன்னு கூப்பிட்டாரு?"

அவரே ஒருநாள் சொன்ன கதைதான். அத்தனை வருடமும் அந்த ஆள் இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கையைத் தட்டித்தான் கூப்பிடுவானாம். ஊருக்கு வந்த புதிதில் யார் கை தட்டினாலும் திரும்பிப் பார்த்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். இப்போது சிரிக்கவில்லை. பெண்டிரைவை எடுத்து ஆட்டோக்காரரிடம் கொடுத்து, "பெரிய வீதியில நின்னு சொல்லிட்டு வாப்பா. எவனாச்சும் கேட்டா எங்கிட்ட அனுப்பு" என்றார்.

நடந்ததை ஆட்டோக்காரர் பிறகு சொன்னார். பெரிய வீதியின் நடுவில், அப்பா சாவி வைத்திருந்த வீடுகளுக்கு முன்னால் வண்டியை நிறுத்திச் சொன்னாராம். கதவுகள் திறந்தன. ஒரு வீட்டு ஆச்சி மாடியிலிருந்து வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்களாம். துண்டைத் தோளில் போட்டபடி ஆட்கள் வெளியே வந்து, "யாருப்பா? யாரு போனது?" என்று கேட்டார்களாம். பெயர் யாருக்கும் பிடிபடவில்லை. "மலேசியாவுல இருந்து வந்தவுகளா இருக்கும்" என்றார் ஒருவர். "தென்கரை புது பிளாட்டுல பெரிய அதிகாரி ஒருத்தரு வீடு கட்டி வந்தாரே, அவுகதான்" என்றார் இன்னொருவர். சிவலோக பதவி என்று சொன்ன பிறகு பெரிய மனுஷன்தான் என்பதில் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. கேதத்துக்குப் போகாமல் இருந்தால் நன்றாக இருக்காதே என்றுதான் கவலைப்பட்டார்களாம்.

நாலு பேர் வெளியே வந்து கேட்கட்டும் என்றார் அப்பா. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. காரியம் அத்தோடு நின்றிருந்தால் இதை எழுதவே வேண்டியிருந்திருக்காது.

மத்தியானம் தாண்டி ஒரு வெள்ளைக் கார் எங்கள் தெருமுனைக்கு வந்தது. புது பிளாட்டுப் பக்கம் போய் விசாரித்துவிட்டு, அங்குட்டு அங்குட்டு என்று கை காட்டி அனுப்பப்பட்டு வந்து சேர்ந்திருந்தது. முன் இருக்கையில் தலைமையாசிரியர். பின்னால் பெரிய வீதிக்காரர்கள் இரண்டு பேர், அவர்கள் மடியில் ஒரு ரோஜா மாலை. கழுத்தில் போட்டால் முழங்கால் வரை வரும், அவ்வளவு கனமான மாலை. எங்கள் தெரு அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நான் தண்ணீர்க் குடத்தோடு தெருமுனையில் நின்றிருந்தேன். பக்கத்தில் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி.

கண்ணாடி இறங்கியது.

"நீயா? இங்கன என்ன பண்ற? இங்க யாரோ பெரியவுக தவறிட்டாகன்னு..."

"எங்கப்பாங்கய்யா."

"உங்கப்பான்னா?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். காலையில் அவர்கள் வீதியிலேயே சத்தமாகச் சொன்ன பெயர். அவர் முகத்தில் ஒன்றும் வரவில்லை. மறுபடியும் சொன்னேன். பின்னால் இருந்தவர், "எந்தக் குடும்பம்?" என்று கேட்டார். அவர்களுக்கு விளங்க வேண்டுமென்றால் எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அதை என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்.

"வவ்வாலு" என்றேன்.

"வவ்வாலா!" என்றார் பின்னால் இருந்தவர். சத்தமாகச் சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டார்.

தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அதுக்கா சிவலோக பதவி போட்ட? வார்த்தைக்கு ஒரு தராதரம் வேணாமா? எதை எங்க வைக்கிறதுன்னு தெரியாதா உனக்கு?"

"செத்தவுக எல்லாரும் ஒரே எடத்துக்குத்தானங்கய்யா போறாக?"

"வாயாடாத" என்றார். பிறகு டிரைவரிடம், "திருப்புப்பா வண்டிய" என்றார்.

டிரைவர் திருப்பவில்லை. கண்ணாடியில் பின்னால் பார்த்தார். மாலை இருந்தது. கேதத்துக்கென்று வாங்கிய மாலையைப் பிணத்துக்குப் போடாமல் வீட்டுக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. கொண்டுபோனால் அடுத்த கேதம் அந்த வீட்டில்தான் என்று எங்கள் பக்கத்தில் நம்பிக்கை. பெரிய வீதிக்கும் எங்கள் தெருவுக்கும் பொதுவாக இருக்கிற சில விஷயங்களில் அந்தப் பயமும் ஒன்று. காருக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலையை மடியில் வைத்திருந்தவர் அதைச் சீட்டில் இறக்கி வைத்துவிட்டு, தன்மேல் படாமல் காலை ஒடுக்கிக்கொண்டார்.

"இந்தா, நீயே வாங்கிப் போட்டுரு" என்று தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார்.

சித்தப்பா கையை நீட்டிவிட்டார். "குடுங்கய்யா, நான் போட்டுர்றேன். நீங்க எதுக்கு எறங்கிக்கிட்டு."

நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "வாங்கியாந்தவுகதான் போடணும்ங்கய்யா. அது வழக்கம்" என்றேன். "வீடு அந்தா இருக்கு. எறங்கி நடந்தா ரெண்டு எட்டுத்தான். செருப்பைக் கழட்ட வேணாம், எங்க வீட்டுல அதெல்லாம் பாக்க மாட்டோம்."

எனக்கு அப்போது இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். வீட்டில் அப்பா கிடக்கிறார், நான் சந்தோஷமாக இருந்தேன். வார்த்தையைக் கேட்டு மாலை வாங்கி வந்தவர்கள், ஆளைப் பார்த்துவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஏசி காருக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரும் இறங்கவில்லை. தலைமையாசிரியர் வேறு பேச்சு எடுத்தார். "சாவியெல்லாம் எங்க?"

"என்ன சாவிங்கய்யா?"

"வீட்டுச் சாவிதான். எல்லாரும் வெளியூருல இருக்காக, நாளைக்கு எங்கிட்டத்தான் கேப்பாக."

சாவிக்கொத்து அப்பாவின் அரைஞாண் கயிற்றில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலும் அதை யாரும் அவிழ்க்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா வீட்டுக்கு ஓடினார். ஐஸ் பெட்டியைத் திறந்து, அம்மா தடுக்கத் தடுக்க, கயிற்றை அறுத்துச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, காரின் சன்னலுக்குக் கீழே குனிந்து, இரண்டு கையாலும் நீட்டினார். தலைமையாசிரியர் அதைத் தொடாமல் டிரைவரை வாங்கிக்கொள்ளச் சொன்னார். பிணத்தின் சாவி அல்லவா.

"நீ யாரு, அதோட தம்பியா? மச்சு ஏறுவியா?"

"ஏறுவேங்கய்யா."

"காரியம் முடிஞ்சதும் வந்து பாரு."

கார் திரும்பியது. மாலையை என்ன செய்தார்கள் என்று பார்க்க நான் ஊருணிக் கரை வரைக்கும் போனேன். புது பிளாட்டுக்கு நட்டிருந்த எல்லைக் கல்லில் டிரைவர் அதை மாட்டிவிட்டுப் போயிருந்தார். அப்பாவைத் தூக்கியபோது தெருமுனை வரை கூடப் போய்த் திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெரு ஆடுகள் நாலைந்து அதைச் சுற்றி நின்று இதழ் இதழாகத் தின்றுகொண்டிருந்தன. அப்பா எங்கள் தெருக்காரர்கள் வாங்கிய சாமந்தி மாலையோடுதான் போனார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் பெரிய வீதியிலிருந்து எங்கள் கடைக்கு ஒரு கேதமும் வரவில்லை. அண்ணன் முணுமுணுத்தார், ஆனால் என்னை நிறுத்தவில்லை. வேறு கடைக்குப் போனவர்கள் அங்கே வாசித்த ஆண்குரல் மாட்டுச் சந்தை அறிவிப்புப் போல இருக்கிறது என்று திரும்பி வந்தார்கள். சாவிலும் அவர்களுக்கு நல்ல குரல்தான் வேண்டும். அது எங்கள் தெருக் குரலாக இருந்தால் பரவாயில்லை, கேட்கிறவருக்கு ஆள் தெரியப்போவதில்லையே.

திரும்பி வந்தபோது இரண்டு விஷயம் மாறியிருந்தது. ஒன்று, சிவலோக பதவியை அவர்கள் கைவிட்டுவிட்டார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவெடுத்ததாகத் தெரியவில்லை. அடுத்தடுத்து வந்த வாசகங்களில் அந்த வார்த்தை இல்லை, அவ்வளவுதான். வவ்வால் உட்கார்ந்த வார்த்தையில் தங்கள் வீட்டுப் பெரியவர்களை உட்கார வைக்க மனம் வரவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று எனக்குத் தெரியவர நாளாயிற்று. அப்பாவின் வேலைக்குச் சித்தப்பா போனார் அல்லவா, அவருக்குப் பெரிய வீதியில் பெயர் வைத்திருந்தார்கள். முதல் நாள் சாவி வாங்கப் போனபோதே, அன்றைக்குக் காரில் சிரித்தவர், "வாய்யா சிவலோக பதவி" என்றாராம். வீதியே சிரித்ததாம். அப்புறம் பதவி போய் சிவலோகம் மட்டும் நின்றுவிட்டது. "சிவலோகம் வந்துச்சா?" "சிவலோகத்த மச்சுல ஏறச் சொல்லு." "ஏய் சிவலோகம், பந்து ஓட்டுல விழுந்துருச்சு."

என் அப்பாவுக்கு நான் கொடுத்த கடைசி மரியாதை. அதை எடுத்து அவர் தம்பிக்குக் கழுத்துக் கயிறாகக் கட்டிவிட்டார்கள். சித்தப்பாவிடம் போய்ச் சண்டை போட்டேன். "கூப்பிட்டா ஏன் சித்தப்பா திரும்பிப் பாக்குறீக? பேரைச் சொல்லுங்கன்னு சொல்ல வேண்டியதுதான?"

அவர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து, "உங்கப்பன வவ்வாலுன்னாக. என்னைய சாமி ஊருப் பேரு சொல்லிக் கூப்பிடுறாக. கொறஞ்சா போச்சு?" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை. அவருக்கு அது பதவி உயர்வாகவே பட்டிருக்கிறது. நான் எழுந்து வந்துவிட்டேன். அன்றைக்கு அவர் மேல் வந்த வெறுப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

போன மாதம் ஒருநாள் காலையில் கடைக்கு ஒரு போன் வந்தது. தலைமையாசிரியர். அவர் மனைவி தவறிவிட்டார். முந்தின நாள் ராத்திரியே எங்கள் கடையிலிருந்துதான் ஐஸ் பெட்டி போயிருந்தது. அதன் இரைச்சல் போனிலேயே கேட்டது. குரல் கம்மியிருந்தது. ஆனாலும் வாசகத்தை அவரேதான் எழுதியிருந்தார்.

"எழுதிக்க. பேருக்குப் பின்னால அவர்கள். அதுக்கப்புறம், இறைவன் திருவடிப்பேறு எய்தினார்கள்."

"திருவடிப்பேறா? புதுசா இருக்கேய்யா. பழைய வார்த்தை வேணாமா?"

"அது இப்ப யாரு போடுறா? அது கெட்டுப்போச்சு" என்றார். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரோ நாற்காலி கேட்டார்கள் போலிருக்கிறது. போனைக் கையால் மூடாமலே திரும்பிச் சத்தம் போட்டார். "ஏய் சிவலோகம்! எங்க போய்த் தொலைஞ்ச? சேரை எடுத்து இங்குட்டுப் போடு."

"இந்தா வந்துட்டேன்யா" என்று சித்தப்பாவின் குரல் தூரத்தில் கேட்டது. அப்பாவின் குரலேதான் அது. அண்ணன் தம்பிக்கு ஒரே குரல்.

நான் எழுதியதைத் திருப்பி வாசித்துக் காட்டினேன். "சரியா இருக்கு" என்றார் அவர்.

"நல்லா இருக்குய்யா இந்த வார்த்தை" என்றேன். "எங்க தெருவுல அடுத்த கேதத்துக்கு இதைத்தான் போடப்போறேன். உங்க வீதியில நின்னு சொல்லச் சொல்றேன்."

மனைவியை இழந்த மனுஷனிடம் பேசுகிற பேச்சா அது என்றால், இல்லைதான். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். போனில் ஐஸ் பெட்டி இரைவது மட்டும் கேட்டது, பிறகு அவர் வைத்துவிட்டார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசித்தேன். அந்த அம்மாவின் பெயருக்குப் பின்னால் 'அவர்கள்' சொன்னேன். 'அன்னாரின்' என்று ஒரு நொடி நிறுத்தினேன். பிசிறில்லாமல் வந்தது. எங்கள் தெருவில் அடுத்து யார் போனாலும் எங்கள் வண்டி திருவடிப்பேறு என்று சொல்லிக்கொண்டு பெரிய வீதியில் போய் நிற்கும். சித்தப்பாவுக்குப் பிறகு மச்சு ஏறுகிறவனைத் திருவடி என்று கூப்பிடுவார்கள், தெரியும். கூப்பிடட்டும். எத்தனை வார்த்தை வைத்திருக்கிறார்கள் என்று நானும் பார்த்துவிடுகிறேன்.